ஜூலை 4: ஒரே தேதி, ஓராயிரம் ஆச்சரியங்கள்!

ஜூலை 4 என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? அமெரிக்க சுதந்திர தினம், வாணவேடிக்கை, அவ்வளவுதானே? ஆனால் அந்த ஒரு தேதிக்குள் வெடித்த நட்சத்திரம் ஒன்று இருக்கிறது. செவ்வாயில் குதித்த வண்டி இருக்கிறது. நம் நேதாஜி இருக்கிறார். சென்னை மெரினாவில் இன்றும் நிற்கும் ஒரு கட்டடத்தின் கதையும் இருக்கிறது! நம்ப முடியவில்லையா? வாருங்கள்!

முதல் அதிர்ச்சி இதுதான். அமெரிக்கா சுதந்திரம் பெறுவதென்று வாக்களித்த நாள் ஜூலை 4 அல்ல, தெரியுமா? 1776 ஜூலை 2 அன்றே பிலடெல்பியாவில் கூடிய காங்கிரஸ் பிரிட்டனிடமிருந்து பிரிவதென்று முடிவு செய்துவிட்டது! ஜூலை 4 அன்று நடந்தது, சுதந்திரப் பிரகடனத்தின் வாசகத்துக்கு ஒப்புதல் தந்தது மட்டுமே. சரி, கையெழுத்தாவது அன்று போட்டார்களா? அதுவும் இல்லை! பெரும்பாலோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2 அன்று!

பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜான் ஆடம்ஸ் ஜூலை 3 அன்று தன் மனைவிக்கு ஒரு கடிதம் எழுதினார். வருங்காலத் தலைமுறைகள் ஜூலை 2-ஐப் பெரும் திருவிழாவாகக் கொண்டாடும் என்று அதில் அடித்துச் சொன்னார். கொண்டாட்டம் அவர் சொன்னபடியே வந்தது, தேதிதான் இரண்டு நாள் தள்ளிப்போனது!

அந்த ஆடம்ஸுக்கு இந்தத் தேதி வைத்திருந்த கணக்கைக் கேட்டால் அசந்துபோவீர்கள்! அவரும் தாமஸ் ஜெபர்சனும் சேர்ந்து பிரகடனக் குழுவில் வேலை செய்த நண்பர்கள். பிறகு அரசியலில் பகையாளிகள் ஆனார்கள். ஆடம்ஸைத் தேர்தலில் தோற்கடித்துத்தான் ஜெபர்சன் அதிபர் ஆனார். பதவியேற்பு விழாவைப் பார்க்கக்கூட மனமில்லாமல் விடியும் முன்பே தலைநகரை விட்டுக் கிளம்பிவிட்டார் ஆடம்ஸ்! 1812-இல் இருவரும் சமாதானம் ஆனார்கள். அதன் பிறகு அவர்களுக்குள் பறந்த கடிதங்கள் எத்தனை தெரியுமா? 150-க்கும் மேல்!

இருவரும் இறந்தது எப்போது? 1826 ஜூலை 4! இருவரும் ஒரே நாளில்! அதுவும் பிரகடனத்தின் சரியான 50-வது ஆண்டு நிறைவு நாளில்! ஜெபர்சன் வர்ஜீனியாவில் தன் 83-வது வயதில் மதியம் கண்ணை மூடினார். மாசச்சூசெட்ஸில் 90 வயது ஆடம்ஸ் அதற்குச் சுமார் ஐந்து மணி நேரம் கழித்து மாலையில் போய்ச் சேர்ந்தார். 'ஜெபர்சன் இன்னும் இருக்கிறார்' என்ற பொருளில் ஏதோ சொல்லிவிட்டுத்தான் ஆடம்ஸ் உயிர்விட்டார் என்பார்கள். பாவம், தந்தி இல்லாத காலம்! நண்பர் முந்திக்கொண்ட செய்தி அவருக்கு எப்படித் தெரியும்? அன்று வெள்ளை மாளிகையில் அதிபராக இருந்தவர் யார் தெரியுமா? ஆடம்ஸின் மகன் ஜான் குவின்சி ஆடம்ஸ்!

தற்செயல் என்று விட்டுவிடலாமா? பொறுங்கள்! ஐந்தாவது அதிபர் ஜேம்ஸ் மன்றோ இறந்தது 1831 ஜூலை 4! முதல் ஐந்து அதிபர்களில் மூன்று பேர் ஒரே தேதியில்! நான்காவது அதிபர் மேடிசன் இறந்தது 1836 ஜூன் 28, ஆறே நாள் வித்தியாசம்! அமெரிக்காவின் பிறந்தநாளில் பிறந்த அதிபரும் ஒருவர் உண்டு. கால்வின் கூலிட்ஜ், 1872 ஜூலை 4. இதுவரை இந்தத் தேதியில் பிறந்த ஒரே அமெரிக்க அதிபர் அவர்தான்!

நமக்கும் ஒருவர் இருக்கிறார்! குல்சாரிலால் நந்தா, 1898 ஜூலை 4 அன்று பிறந்தவர். நேரு மறைந்தபோது இடைக்காலப் பிரதமராக எத்தனை நாள் இருந்தார்? 13! சாஸ்திரி மறைந்தபோது? அதே 13!

பகலில் தெரிந்த நட்சத்திரம்!

ஆண்டு 1054. தஞ்சைப் பெரிய கோயில் கட்டி முடித்து 44 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஜூலை 4 அன்று சீன வானியலாளர்கள் ரிஷப ராசிப் பக்கம் அதற்குமுன் இல்லாத ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துக் குறித்துவைத்தார்கள். 'விருந்தாளி நட்சத்திரம்' என்று பெயரும் வைத்தார்கள். அந்த விருந்தாளி பட்டப்பகலில் கண்ணுக்குத் தெரிந்தது! ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, 23 நாட்கள்! இரவு வானில் 653 நாட்கள் தெரிந்து, அதன் பிறகே கண்ணைவிட்டு மறைந்தது!

அது புதிதாகப் பிறந்த நட்சத்திரம் அல்ல, செத்துக்கொண்டிருந்த நட்சத்திரம்! அது வெடித்துச் சிதறிய மிச்சத்தைத்தான் இன்று நண்டு நெபுலா என்கிறோம். தூரம் சுமார் 6,500 ஒளியாண்டுகள். அப்படியென்றால் என்ன அர்த்தம்? சீனர்கள் அன்று பார்த்தது, அவர்களுக்கும் 6,500 ஆண்டுகள் முன்பே நடந்து முடிந்த வெடிப்பை! நெபுலாவின் நடுவே அந்த நட்சத்திரத்தின் கரு இன்னும் இருக்கிறது. குறுக்களவு வெறும் 20 கிலோமீட்டர் போல. ஆனால் எடை? நம் சூரியனைவிட அதிகம்! நொடிக்கு 30 முறை தன்னைத்தானே சுற்றுகிறது! நீங்கள் இந்தப் பத்தியைப் படித்து முடிப்பதற்குள் ஆயிரம் முறைக்குமேல் சுற்றி முடித்திருக்கும்!

வானத்துக்கும் ஜூலை 4-க்கும் ஏதோ பூர்வஜென்ம பந்தம் போல!

1997 ஜூலை 4: பாத்ஃபைண்டர் விண்கலம் செவ்வாயில் இறங்கியது. எப்படி இறங்கியது தெரியுமா? காற்றுப் பைகளைச் சுற்றிக்கொண்டு தரையில் மோதி, பந்து மாதிரி எகிறி எகிறி, குறைந்தது 15 தடவை குதித்து! அதற்குள்ளிருந்து இறங்கி ஓடியது சோஜர்னர், செவ்வாய் மண்ணில் ஓடிய முதல் வண்டி. எடை பத்தரை கிலோ சொச்சம்தான்! வேகம் நொடிக்கு 1 சென்டிமீட்டர்! ஏழு நாள் உழைத்தால் போதும் என்று அனுப்பினார்கள். 83 செவ்வாய் நாட்கள் உழைத்தது!

2005 ஜூலை 4: வால்நட்சத்திரம் ஒன்றின் மீது மனிதன் வேண்டுமென்றே போய் இடித்தான்! டெம்பிள்-1 என்ற வால்நட்சத்திரத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க, 370 கிலோ எடையுள்ள ஒரு கருவியை அதன் பாதையில் விட்டது நாசாவின் டீப் இம்பாக்ட் விண்கலம். மோதிய வேகம் மணிக்குச் சுமார் 37,000 கிலோமீட்டர்! பூமியிலிருந்து 13 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இத்தனை துல்லியம்! மோதிய கருவியில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களின் பெயர்கள் பதித்த குறுந்தட்டு ஒன்றும் இருந்தது. அத்தனை பேரின் பெயர்களும் வால்நட்சத்திரத்தோடு ஐக்கியம்!

2016 ஜூலை 4: அமெரிக்க நேரப்படி அன்றிரவு ஜூனோ விண்கலம் வியாழன் கோளைச் சுற்றத் தொடங்கியது. ஐந்து வருடப் பயணம், சுமார் 280 கோடி கிலோமீட்டர்! அதில் பயணம் செய்தவர்கள் மூன்று பேர்! யாரென்று கேட்கிறீர்களா? அலுமினியத்தில் செய்த மூன்று லெகோ பொம்மைகள்! வியாழனின் தேவன், அவன் மனைவி ஜூனோ, கையில் தொலைநோக்கியோடு கலிலியோ!

அணுவுக்குள் ஒரு இந்தியப் பெயர்!

விண்வெளி போதும், மண்ணுக்குள் போவோமா? 2012 ஜூலை 4. ஜெனீவாவில் செர்ன் ஆய்வகம். ஹிக்ஸ் போசான் என்று கருதத்தக்க புதிய துகளைக் கண்டுவிட்டோம் என்று விஞ்ஞானிகள் அறிவித்ததும் அரங்கமே எழுந்து கைதட்டியது! கூட்டத்தில் 83 வயதுப் பெரியவர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர்தான் பீட்டர் ஹிக்ஸ்! இப்படி ஒரு துகள் இருக்க வேண்டும் என்று அவர் எழுதியது 1964-இல். கண்டுபிடிக்க ஆன காலம் 48 ஆண்டுகள்! அடுத்த ஆண்டே அவருக்கும் பிரான்சுவா ஆங்லேருக்கும் நோபல் பரிசு!

கண்டுபிடித்த இயந்திரம் சாமானியமா? தரைக்கு அடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையம்! அதன் காந்தங்களுக்குள் குளிர் எவ்வளவு தெரியுமா? மைனஸ் 271 டிகிரி! நட்சத்திரங்களுக்கு இடையே உள்ள வெட்டவெளியைவிடக் குளிர்!

'போசான்' என்ற பெயர் யாரிடமிருந்து வந்தது? நம்ம சத்யேந்திரநாத் போஸிடமிருந்து! டாக்காவில் வாத்தியாராக இருந்தபோது 1924-இல் ஐன்ஸ்டீனுக்குக் கட்டுரை அனுப்பியவர் அவர். உலகத்தில் உள்ள துகள்களை இரண்டே வகையாகப் பிரிக்கிறது இயற்பியல். அதில் ஒரு வகை முழுவதற்கும் அவர் பெயர்! நோபல் பரிசு மட்டும் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை!

இன்னொன்று! செர்ன் வளாகத்துக்குள் ஆடிக்கொண்டிருப்பவர் யார் தெரியுமா? சாட்சாத் நடராஜர்! 2 மீட்டர் உயரச் சிலை. 2004-இல் இந்தியா அன்பளிப்பாகத் தந்தது!

அறிவியலுக்கு ஜூலை 4 தந்த சோகமும் உண்டு. இயற்பியலில் ஒன்று, வேதியியலில் ஒன்று என்று இரண்டு நோபல் வாங்கிய மேரி கியூரி மறைந்தது 1934 ஜூலை 4. வயது 66. அவர் உயிரைக் குடித்தது, வாழ்நாளெல்லாம் கதிரியக்கத்தோடு புழங்கியதால் வந்த ரத்தநோய் என்கிறார்கள். அவர் எழுதிய ஆய்வுக் குறிப்பேடுகள் எங்கே இருக்கின்றன தெரியுமா? பாரிஸில், ஈயம் பூசிய பெட்டிகளுக்குள்! காகிதங்களே இன்னும் கதிர்வீசுகின்றன! ரேடியத்தின் வீரியம் பாதியாகக் குறையவே 1,600 ஆண்டுகள் ஆகும்!

அடுத்து வருபவர் இன்னொரு போஸ்!

1943 பிப்ரவரியில் சுபாஷ் சந்திர போஸ் ஜெர்மனியில் ஒரு நீர்மூழ்கிக் கப்பலில் ஏறினார். ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மடகாஸ்கர் பக்கம் வந்ததும் என்ன செய்தார்? கொந்தளிக்கும் நடுக்கடலில் ரப்பர் படகில் இறங்கி ஜப்பானிய நீர்மூழ்கிக்கு மாறினார்! கூட வந்தவர் ஆபித் ஹசன் ஒருவர் மட்டுமே! உலகப் போர் உச்சத்தில் இருந்த நேரம் அது, தலைக்குமேல் எதிரிக் கப்பல்கள்! இப்படி மூன்று மாதம் கடலுக்கடியில் கிடந்து வந்தவர், சிங்கப்பூர் கேத்தே அரங்கில் ராஷ் பிஹாரி போஸிடமிருந்து இந்திய சுதந்திர லீகின் தலைமையை ஏற்ற நாள் எது? 1943 ஜூலை 4!

சரியாக ஒரு வருடம் கழித்து, 1944 ஜூலை 4 அன்று, பர்மாவில் பேசினார். ரத்தம் கொடுங்கள், சுதந்திரம் தருகிறேன் என்று அவர் முழங்கியது அந்தப் பேச்சில்தான்! அவர் பின்னால் திரண்டவர்களில் மலேயாத் தமிழர்கள் எத்தனை ஆயிரம்! ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய வீட்டுப் பெண்பிள்ளைகள் துப்பாக்கி தூக்கினார்கள்! ஜான்சி ராணிப் படையில் அவர்களுக்குத் தளபதியாக இருந்தவர், சென்னையில் மருத்துவம் படித்த கேப்டன் லட்சுமி! எத்தனை முறை படித்தாலும் மெய்சிலிர்க்க வைக்கும் அத்தியாயம் இது!

நம் தேசியக் கொடிக்கு மூலவடிவம் வரைந்து காந்தியிடம் கொடுத்த பிங்கலி வெங்கையா இறந்ததும் ஒரு ஜூலை 4-தான். ஆண்டு 1963!

கார்கில் போரில் டைகர் ஹில் சிகரத்தை நம் ராணுவம் கைப்பற்றியது எப்போது? 1999 ஜூலை 4! உயரம் 16,500 அடி. இரவில் செங்குத்துப் பாறையில் கயிறு கட்டி ஏறினார்கள். உடம்பில் பல குண்டுகள் பாய்ந்த பிறகும் எதிரியின் பதுங்குகுழி வரை போன யோகேந்திர சிங் யாதவுக்கு அப்போது வயது 19! பரம்வீர் சக்ரா விருதை முதலில் 'மறைவுக்குப் பின்' என்றே அறிவித்துவிட்டார்கள். அவரோ மருத்துவமனையில் உயிரோடு இருந்தார்!

ஒரு படகு, மூன்று சிறுமிகள்!

1862 ஜூலை 4. ஆக்ஸ்போர்டில் தேம்ஸ் நதியில் ஒரு படகு. துடுப்புப் போட்டவர்களில் ஒருவர் கணக்கு வாத்தியார் சார்லஸ் டாட்ஜ்சன். கூடவே மூன்று குட்டி அக்கா தங்கைகள். 'கதை சொல்லுங்க!' என்று பிள்ளைகள் நச்சரிக்க, அவர் வாய்க்கு வந்ததை இட்டுக்கட்டிச் சொன்னார். முயல் பொந்துக்குள் விழுந்த ஒரு சிறுமியின் கதை! நடுப்பிள்ளையான பத்து வயது ஆலிஸ், அதை எழுதியே தர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். அதுதான் உலகத்துக் குழந்தைகளெல்லாம் படிக்கும் ஆலிஸின் அற்புத உலகம்! வாத்தியாரின் புனைபெயர் லூயிஸ் கரோல்!

தன் கையால் எழுதி, 37 படங்களும் வரைந்து அவர் ஆலிஸுக்குக் கொடுத்த நோட்டு என்ன ஆனது தெரியுமா? 1928-இல், வயதான ஆலிஸ் அதை ஏலம் விட்டார். விலை 15,400 பவுண்டு! நோட்டு அமெரிக்கா போனது. 1948-இல் அமெரிக்க அன்பர்கள் சிலர் பணம் திரட்டி வாங்கி, பிரிட்டனுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். எதற்காக? ஹிட்லரை எதிர்த்து நின்றதற்கு நன்றியாக! போருக்கு நன்றிக்கடன் ஒரு குழந்தைக் கதை!

1954 ஜூலை 4-க்கு இரண்டு கதைகள். அன்றோடுதான் பிரிட்டனில் உணவு ரேஷன் ஒழிந்தது! போரில் ஜெயித்த நாடு, போர் முடிந்து ஒன்பது வருடம் கழித்துத்தான் ரேஷன் அட்டை இல்லாமல் இறைச்சி வாங்கியது! போரில் தோற்ற நாடு அன்று என்ன செய்தது? சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கொட்டும் மழையில் மேற்கு ஜெர்மனி உலகக் கோப்பைக் கால்பந்தை வென்றது! எதிரணி ஹங்கேரி, நான்கு வருடமாகத் தோல்வியே காணாத அணி! இரண்டு வாரம் முன்புதான் இதே ஜெர்மனியை 8-3 என்று துவைத்திருந்தது! இறுதிப் போட்டியில் எட்டே நிமிடத்தில் 2-0 முன்னிலை! அப்புறம் முடிவு? ஜெர்மனி 3, ஹங்கேரி 2!

மெரினாவுக்கு வந்த ஐஸ்!

எனக்கு இந்தத் தேதியில் ரொம்பப் பிடித்த கதை இனிமேல்தான்! 1845 ஜூலை 4 அன்று ஹென்றி டேவிட் தோரோ என்ற இளைஞர் மாசச்சூசெட்ஸில் வால்டன் குளக்கரைக்குக் குடிபோனார். தன் கையால் கட்டிய ஒற்றை அறை வீடு. மொத்தச் செலவு 28 டாலர் பன்னிரண்டரை சென்ட்! அங்கே இருந்தது எவ்வளவு காலம்? 2 வருடம், 2 மாதம், 2 நாள்! அந்தக் காலத்தில்தான் வரி கட்ட மறுத்து ஓர் இரவு சிறைக்குப் போனார். அதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை பிற்பாடு காந்தியின் கைக்கு வந்தது!

குளிர்காலத்தில் குளம் உறைந்ததும் ஆட்கள் வந்து பனிக்கட்டியை அறுத்தார்கள். அறுக்கவைத்தவர் பாஸ்டன் ஐஸ் வியாபாரி ஃபிரெடரிக் டியூடர். அந்த ஐஸ் எங்கே போகும் என்று தோரோ யோசித்தார். சார்ல்ஸ்டன், பம்பாய், கல்கத்தா என்று ஊர்களை எழுதினார். கூடவே எழுதிய இன்னொரு ஊர்? மெட்ராஸ்! நம்ம மெட்ராஸ்தான்!

உண்மையிலேயே ஐஸ் வந்ததா? வந்தது! 1833-இல் கல்கத்தாவுக்கு முதல் கப்பல். 180 டன் ஏற்றினார்கள். மரத்தூளில் பொதிந்து, நான்கு மாதம் பூமத்திய ரேகையை இரண்டு முறை தாண்டி வந்த பிறகும் சுமார் 100 டன் உருகாமல் இருந்தது! மெட்ராஸில் அதைச் சேமித்துவைக்க 1842-இல் டியூடர் கட்டிய கட்டடம்தான் மெரினாவில் இருக்கும் ஐஸ் ஹவுஸ்! பேர் இன்றும் அப்படியே!

இயந்திரத்தில் ஐஸ் செய்யத் தெரிந்ததும் வியாபாரம் படுத்துவிட்டது. கட்டடம் வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் கைக்கு வந்தது. 1897 பிப்ரவரியில் அவர் வீட்டில் ஒன்பது நாள் தங்கிய விருந்தாளி யார்? மேலைநாடுகளில் முழங்கிவிட்டுத் திரும்பிய சுவாமி விவேகானந்தர்! அவர் சிகாகோ போவதற்கே திருவல்லிக்கேணி அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் வீடுவீடாகப் போய்க் காசு சேர்த்தார்கள். அமெரிக்க ஐஸுக்காகக் கட்டிய கட்டடத்திலேயே, அமெரிக்காவை வென்று வந்தவருக்கு ஜாகை! அதே ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம்!

ஜூலை 4 எங்கே என்கிறீர்களா? 1898-இல் காஷ்மீரில் அமெரிக்கச் சீடர்களோடு இருந்தபோது ஜூலை 4-ஐப் பற்றியே ஒரு கவிதை எழுதினார் விவேகானந்தர். நான்கே வருடம் கழித்து, 39 வயதில், பேலூர் மடத்தில் அவர் சமாதி அடைந்த நாள் 1902 ஜூலை 4!

இன்னும் சில, சட்டுச்சட்டென்று!

சுதந்திர தேவி சிலையை பிரான்ஸ் அமெரிக்காவிடம் ஒப்படைத்தது 1884 ஜூலை 4. எங்கே? பாரிஸில்! அப்புறம்தான் கழற்றி 214 பெட்டிகளில் அடுக்கிக் கப்பலேற்றினார்கள்!

பிலிப்பைன்ஸுக்கு அமெரிக்கா சுதந்திரம் தந்தது தன் சொந்தப் பிறந்தநாளிலேயே, 1946 ஜூலை 4! 1962-இல் அந்த நாடு தன் சுதந்திர தினத்தை ஜூன் 12-க்கு மாற்றிக்கொண்டுவிட்டது!

சண்டிகரில் பிறந்த சபீர் பாட்டியாவும் நண்பர் ஜாக் ஸ்மித்தும் ஹாட்மெயிலைத் தொடங்கியது 1996 ஜூலை 4! அடுத்த ஆண்டே மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்டது!

ஆண்டுதோறும் பூமி சூரியனைவிட்டு வெகுதூரம் தள்ளிப்போவது எப்போது? ஜூலை 4-ஐ ஒட்டித்தான்! ஜனவரியைவிட 50 லட்சம் கிலோமீட்டர் கூடுதல் தூரம்! வெயில் மட்டும் குறைந்தபாடில்லையே என்கிறீர்களா? வெயிலைத் தீர்மானிப்பது தூரம் அல்ல, பூமியின் சாய்வு!

கடைசியாக ஒன்று. 1776 ஜூலை 4 இரவு, பிலடெல்பியா அச்சுக்காரர் ஜான் டன்லப் பிரகடனத்தைச் சுமார் 200 பிரதிகள் அவசர அவசரமாக அச்சடித்தார். 1989-இல் பென்சில்வேனியாவில் ஒருவர் பழைய சாமான் சந்தையில் ஒரு படத்தை 4 டாலருக்கு வாங்கினார். பிடித்தது படம் அல்ல, அதன் சட்டம்தான்! சட்டத்தைப் பிரித்தால் உள்ளே மடித்துக் கிடந்தது, டன்லப் அச்சடித்த அசல் பிரதி! 1991 ஏலத்தில் 24 லட்சம் டாலர்! 2000-இல் மறு ஏலம், 81 லட்சம் டாலர்! இன்று உலகத்தில் இருப்பதாகத் தெரிந்த பிரதிகள் 26. அந்த 26-வது பிரதி 2009-இல் அகப்பட்ட இடம் எது தெரியுமா? லண்டனில், பிரிட்டிஷ் அரசின் தேசிய ஆவணக் காப்பகத்தில்! யாரை விட்டுப் பிரிகிறோம் என்று அச்சடித்தார்களோ, அவர்கள் வீட்டுப் பெட்டிக்குள்ளேயே இத்தனை காலம் பத்திரமாக இருந்திருக்கிறது!